மேலாளர்கள் மின்வணிகத்தையும் தொழில்நுட்பத்தையும் கையாளும் விதம்: ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எம்.பி.ஏ. இறுதிப் பருவத்தின் திட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடி வரும் மாணவர்களில் பலர், தொழில் நிறுவனங்களின் மேலாளர்கள் மின்வணிகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற பொருளையே விரும்பிக் கேட்கிறார்கள். கொங்கு வட்டாரத்தில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் என் முன் வைக்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் திருப்பூர், ஈரோடு, சிவகாசி ஆகிய ஊர்களின் தொழில்களிலிருந்து வருகின்றன.

மின்வணிகம் என்றால் அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் விற்பதுதானே?

அது மின்வணிகத்தின் ஒரு வடிவம். ஃபிளிப்கார்ட் 2007-இலும் மீஷோ 2015-இலும் தொடங்கப்பட்டன. அமேசான் இந்தியாவில் தன் தளத்தை 2013-இல் திறந்தது. இவை விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தைகள். ஆனால் நம் ஊர்த் தொழில்களில் நடக்கும் மின்வணிகத்தின் பெரும்பகுதி இரண்டு நிறுவனங்களுக்கு இடையே நடப்பது. 1996-இல் தொடங்கிய இந்தியாமார்ட் வழியாக வரும் விசாரணைக்கு விலை அனுப்புவது, அரசுத் துறைகளுக்கு 2016 முதல் இயங்கும் ஜெம் தளத்தில் பொருள் வழங்குவது, பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிய விலைப்பட்டியலை ட்ரெட்ஸ் தளத்தில் ஏற்றி வங்கியிடம் முன்கூட்டியே பணம் பெறுவது ஆகிய மூன்றும் மின்வணிகமே.

ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் காலையில் புதுச் சேலைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். வெளியூர்க் கடைக்காரர் நிறத்தைச் சொல்லி யுபிஐ வழியாக முன்பணம் அனுப்புகிறார். மாலையில் சரக்கு லாரி புக்கிங் அலுவலகத்துக்குப் போகிறது. இதில் மின்வணிகத்தின் எல்லாக் கூறுகளும் உள்ளன. ஆனால் “நீங்கள் மின்வணிகம் செய்கிறீர்களா?” என்று அவரிடம் கேட்டால் “இல்லைங்க, நாங்க நேர் வியாபாரம்தான்” என்றே சொல்வார். ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்காமல் செயலைச் சொல்லிக் கேளுங்கள்: ஆர்டர் எந்த வழியில் வருகிறது, விலை எங்கே பேசப்படுகிறது, பணம் எப்படி வந்து சேர்கிறது. இந்த மூன்று கேள்விகளின் விடையே உங்கள் ஆய்வின் எல்லையைக் காட்டிவிடும்.

ஆய்வில் யாரை மேலாளர் என்று கொள்ள வேண்டும்?

பதவிப் பெயரைப் பார்த்து முடிவு செய்தால் ஆய்வு முதல் நாளே தடம் மாறிவிடும். பெரிய நிறுவனத்தில் விற்பனை மேலாளர், கொள்முதல் மேலாளர், கிடங்கு மேலாளர் என்று பொறுப்புகள் பிரிந்திருக்கும். ஐம்பது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் விலையை முதலாளி முடிவு செய்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளருடன் அன்றாடம் மின்னஞ்சல் வழியாகப் பேசுபவர் மெர்ச்சண்டைசர். விற்பனைத் தளத்தின் கணக்கு முதலாளியின் மகனின் கைப்பேசியில் இருக்கும். பணம் வந்ததா என்று சரிபார்ப்பவர் கணக்காளர். மேலாண்மைப் பணி இந்த நால்வரிடையே பகிர்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் முதலில் யார் எதை முடிவு செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்குரியவரிடம் அதற்குரிய கேள்வியைக் கேட்க வேண்டும். நால்வருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தால், தமக்குத் தெரியாதவற்றுக்கும் மரியாதைக்காக விடை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

நிறுவனத்தின் அளவைச் சொல்ல நேர்ந்தால் சட்டம் தரும் வரையறையைப் பின்பற்றுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 2.5 கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கும் மிகாதது குறு நிறுவனம். 25 கோடிக்கும் 100 கோடிக்கும் மிகாதது சிறு நிறுவனம். 125 கோடிக்கும் 500 கோடிக்கும் மிகாதது நடுத்தர நிறுவனம். பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது, அவை 2020-இன் சிறிய வரம்புகளின்படி பிரிக்கப்பட்டவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

“விழிப்புணர்வு பற்றிய ஆய்வு” என்று தலைப்பு வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தேநீர்க் கடையிலும் கியூஆர் குறியீடு ஒட்டப்பட்டிருக்கும் காலத்தில், மேலாளர்களுக்கு மின்வணிகம் பற்றித் தெரியுமா என்று கேட்டு நூறு பேரிடம் “தெரியும்” என்ற விடையை வாங்கி வருவதால் யாருக்கும் பயனில்லை. எத்தனை மென்பொருள்கள் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதும் அப்படித்தான்; வாங்கிய மென்பொருளைத் திறந்தே பார்க்காத அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன.

கேட்க வேண்டியது, தொழில்நுட்பம் எந்த முடிவை மாற்றியது என்பதே. விலையைக் கூட்டுவது, ஒரு ரகத்தை நிறுத்துவது, யாருக்குக் கடன் கொடுப்பது, பண்டிகைக்கு எவ்வளவு சரக்கு எடுத்து வைப்பது என்று மேலாளர் ஒவ்வொரு வாரமும் சில முடிவுகளை எடுக்கிறார். கடந்த மாதம் எடுத்த ஒரு முடிவைத் தேர்ந்து, எந்தத் தகவலைப் பார்த்து எடுத்தார், அது எந்தத் திரையிலிருந்து வந்தது, அந்தத் திரை இல்லாத காலத்தில் அதே முடிவை எப்படி எடுத்திருப்பார் என்று பின்னோக்கிச் செல்லுங்கள். இப்படி இருபது முடிவுகளைத் தொடர்ந்து பார்த்த மாணவரின் ஆய்வு, இருநூறு பேரிடம் கோடிட்ட இடங்களை நிரப்பி வாங்கிய ஆய்வைவிட எனக்கு அதிகம் கற்றுத் தந்திருக்கிறது.

எந்தக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொள்வது?

பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது ஃபிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை. ஒரு கருவி தமக்குப் பயன் தரும் என்ற எண்ணமும் அதைக் கையாளுவது எளிது என்ற எண்ணமும் சேர்ந்தே ஒருவர் அதை ஏற்பதை நிர்ணயிக்கின்றன என்பது அதன் சாரம். விஸ்வநாத் வெங்கடேஷும் உடனாய்வாளர்களும் 2003-இல் இதையும் வேறு ஏழு மாதிரிகளையும் ஒன்றிணைத்து, சுற்றியிருப்போரின் செல்வாக்கையும் துணை வசதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இவை தனிமனிதரைப் பார்ப்பவை. நிறுவனத்தை முழுமையாகப் பார்க்க விரும்பினால், 1990-இல் டோர்னாட்ஸ்கியும் ஃபிளைஷரும் வகுத்த தொழில்நுட்பம், நிறுவன அமைப்பு, புறச்சூழல் என்ற மூன்று கூறுகள் கொண்ட சட்டகமே நம் சிறு தொழில்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது என் அனுபவம். ஏனென்றால் இங்கே ஒரு முதலாளி எதையாவது ஏற்பதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவர் அவருடைய வாடிக்கையாளர், தணிக்கையாளர் அல்லது அரசு.

சட்டம் கட்டாயப்படுத்தியதால் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தையும் அந்த மாதிரிகளால் அளக்க முடியுமா?

இந்தப் பொருளில் நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. ஆனால் மிகச் சிலரே கேட்கிறார்கள். தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, விருப்பம் இருந்தால் பயன்படுத்துவார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார் என்ற நிலையில்தான் நன்றாகப் பொருந்துகிறது. நம் மேலாளர்களின் மேசையில் இருக்கும் தொழில்நுட்பத்தில் கணிசமானது அப்படி வந்ததன்று. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. கணக்கு இணையத்துக்கு மாறியது. 2018-இல், சரக்கு வண்டியோடு இருக்க வேண்டிய இணைய அனுமதிச் சீட்டான இ-வே பில் வந்தது. ஆண்டு விற்றுமுதல் 500 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2020 அக்டோபரில் கட்டாயமான மின்விலைப்பட்டியல் (விலைப்பட்டியலை அரசின் தளத்தில் பதிந்து எண் பெறும் முறை), படிப்படியாக வரம்பு குறைந்து 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாயிற்று. இந்த நிலையில் “மின்விலைப்பட்டியலைப் பயன்படுத்தும் எண்ணம் எனக்கு உண்டு” என்ற வாக்கியத்துக்கு மேலாளர் தரும் மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? பயன்படுத்தாமல் இருக்கும் வாய்ப்பே அவருக்கு இல்லை. வெங்கடேஷின் மாதிரி தன்விருப்பத்தைத் தனிக் காரணியாக வைத்திருப்பதற்கு இதுவே காரணம்; நம் மாணவர்கள் இடமில்லை என்று முதலில் நீக்குவதும் அதே காரணியைத்தான்.

கட்டாயமானவற்றில், கட்டாயத்துக்கு மேல் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரு மேலாளர் ஜிஎஸ்டி தாக்கலைத் தணிக்கையாளரிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை கையெழுத்திடுவார். இன்னொருவர் அதே தரவைக் கொண்டு, தமக்குச் சரக்கு தருபவர்களில் யார் காலத்தில் தாக்கல் செய்யாததால் தம் உள்ளீட்டு வரிவரவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்வது) தடைப்படுகிறது என்று பார்த்து, அடுத்த மாதம் நூல் வாங்கும் இடத்தையே மாற்றுவார். இருவரும் ஒரே தளத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேலாண்மை நடந்தது இரண்டாவது இடத்தில்.

விற்பனைத் தளத்தில் விற்கும் நிறுவனத்தில் எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்?

மாணவர்கள் பெரும்பாலும் ஆர்டர் எண்ணிக்கையையும் மொத்த விற்பனையையும் குறித்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். திரும்பி வந்த சரக்கையும், பிடித்தங்கள் போகத் தளம் அனுப்பிய பணத்தின் கணக்கான செட்டில்மென்ட் அறிக்கையையும் பார்க்காமல் வரக்கூடாது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு சட்டையின் விற்பனை விலை 500 ரூபாய், அடக்கவிலை 320 ரூபாய், தளத்தின் கமிஷனும் அனுப்பும் செலவும் சேர்ந்து 110 ரூபாய் என்று கொள்வோம். வாங்கியவர் வைத்துக்கொண்டால் 70 ரூபாய் மிஞ்சும். நூறு சட்டைகள் விற்றால் 7,000 ரூபாய் என்று மேலாளர் மனக்கணக்குப் போடுகிறார். நூற்றில் இருபது திரும்பி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்தும் மறுபொதியலுமாக 120 ரூபாய் செலவாகிறது. எண்பது சட்டைகளில் கிடைத்த 5,600 ரூபாயிலிருந்து 2,400 ரூபாய் போக 3,200 ரூபாய் நிற்கிறது. திரும்பிய இருபதில் ஐந்து அழுக்காகியோ கிழிந்தோ விற்க முடியாமல் போனால் அவற்றின் அடக்கவிலையான 1,600 ரூபாயும் போய்விடும். திரையில் 50,000 ரூபாய் விற்பனை தெரிந்த இடத்தில் கைக்கு வந்தது 1,600 ரூபாய். திரும்பும் சரக்கு இருபதிலிருந்து முப்பதானால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

விற்பனைத் திரையை மட்டும் பார்க்கும் மேலாளர் அடுத்த மாதம் தயாரிப்பைக் கூட்டுவார். செட்டில்மென்ட்டைப் படிப்பவர் எந்த ரகம், எந்த அளவு, எந்தப் பகுதியிலிருந்து திரும்புகிறது என்று பிரித்துப் பார்த்து, அளவு அட்டவணையைத் திருத்துவார் அல்லது சில பகுதிகளுக்குக் கையில் பணம் பெறும் முறையை நிறுத்துவார். வாங்குபவர் ஏற்காமலே திரும்பி வரும் சரக்கை விற்பனையாளர்கள் ஆர்டிஓ என்கிறார்கள். வாங்கிய பின் திருப்பி அனுப்புவதை ரிட்டர்ன் என்கிறார்கள். இரண்டுக்கும் காரணமும் தீர்வும் வேறு என்பதால், வினாத்தாளிலும் அவை தனித்தனியே இருக்க வேண்டும்.

அதே அறிக்கையில் வரிப் பிடித்தங்களும் இருக்கும். தளம் பிடிக்கும் ஜிஎஸ்டி 2024 ஜூலை முதல் அரை விழுக்காடு. வருமான வரிப் பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 0.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இரண்டும் விற்பனையாளர் தம் கணக்கில் கேட்டுப் பெறக்கூடிய தொகைகள். அவற்றைச் சரிபார்த்துக் கோருகிறாரா என்பது அவருடைய தொழில்நுட்பப் பயன்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லும்.

எத்தனை பேரிடம் தரவு சேகரிக்க வேண்டும்?

மாதிரியின் அளவைக் கணக்கிடும் யமானே சூத்திரத்தின்படி, ஆயிரம் நிறுவனங்கள் கொண்ட தொகுதியில் ஐந்து விழுக்காடு பிழையை ஏற்றால் 286 நிறுவனங்கள் தேவை. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் தந்த அட்டவணை 278 என்கிறது. ஆனால் இந்த எண்கள், தொகுதியின் முழுப் பட்டியலும் கையில் இருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தால் மட்டுமே பொருள் உள்ளவை. தெரிந்தவர், தெரிந்தவரின் உறவினர் என்று 286 பேரைப் பிடித்துவிட்டுச் சூத்திரத்தை மேலே எழுதி வைப்பது சரியன்று. பட்டியல் கிடைக்காவிட்டால் அதை வெளிப்படையாக எழுதிவிட்டு, பன்னிரண்டு நிறுவனங்களை ஆழமாகப் பாருங்கள்.

வினாத்தாள் தமிழில் இருக்க வேண்டுமா, ஆங்கிலத்திலா?

விடை சொல்பவர் தொழிலை எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியில். ஆங்கில வினாக்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றி “மின்வணிகம் என் பணித்திறனை மேம்படுத்துவதாக உணர்கிறேன்” என்று எழுதினால், கடைக்காரர் அதைப் பாடப்புத்தக வாக்கியமாக நினைத்து “சரி” என்று குறித்துவிடுவார். “ஆன்லைன் ஆர்டர் வந்த பிறகு ஒரு நாளில் முடிக்கும் வேலை கூடியிருக்கிறதா?” என்று கேட்டால் நின்று யோசிப்பார்.

“முற்றிலும் மறுக்கிறேன்” முதல் “முற்றிலும் ஏற்கிறேன்” வரை செல்லும், ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் வகுத்த ஐந்து நிலை அளவுகோலை எல்லோரும் பயன்படுத்துகிறோம். நம் ஊரில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று ஒருவர் எல்லா வரிசையிலும் நான்காவது கட்டத்திலும், இன்னொருவர் எல்லாவற்றிலும் ஐந்தாவதிலும் குறித்துக் கொடுப்பார்கள். அப்படி வந்த தாள்களைக் கணினியில் ஏற்றினால் வினாத்தாளின் நம்பகத்தன்மைக்கான எண்ணான கிரான்பேக் ஆல்பா 0.9-க்கு மேல் வரும், மாணவரும் மகிழ்வார். அந்த உயர்ந்த எண், விடைகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதைக் காட்டுகிறதே தவிர உண்மையாக இருப்பதைக் காட்டவில்லை. எதிர்மறை வாக்கியங்கள் சிலவற்றை இடையில் சேருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம் குறிக்கப்பட்ட தாள்களைத் தனியே எடுத்து வைத்து, எத்தனை என்று அறிக்கையில் எழுதுங்கள்.

நேரில் உட்கார்ந்து பார்ப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கும்?

ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் உடனிருந்து கவனித்து, 1973-இல் மேலாளரின் பணி பற்றிய தம் முடிவுகளை வெளியிட்டார். அமைதியாக அமர்ந்து திட்டமிடுபவராகக் கருதப்பட்ட மேலாளர், உண்மையில் இடையறாத குறுக்கீடுகளுக்கு நடுவே, பெரும்பாலும் பேச்சு வழியாகவே வேலை செய்கிறார் என்று அவர் கண்டார். கைப்பேசி வந்த பிறகு அது இன்னும் உண்மையாகியிருக்கிறது. இரண்டு முழு நாள்கள் ஒரு மேலாளரின் அறையில் அனுமதியோடு உட்கார்ந்திருந்தால், விலையுயர்ந்த மென்பொருளில் இருக்கும் சரக்கிருப்பை நம்பாமல் கிடங்குக்குப் போன் செய்து கேட்டுவிட்டு வாடிக்கையாளருக்கு விடை சொல்வதைப் பார்ப்பீர்கள். ஏன் நம்பவில்லை என்று கேளுங்கள். “சாயங்காலம்தாங்க என்ட்ரி போடுவாங்க” என்ற விடை வரலாம். ஆய்வின் மையமான கண்டுபிடிப்பு அந்த ஒரு வாக்கியமாகவே இருக்கக்கூடும்.

பதிவு தாமதமாகிறதா என்று சரிபார்க்க வழியும் உண்டு. நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். நிறுவனம் அனுமதித்தால், பற்றுச்சீட்டின் தேதிக்கும் அது பதியப்பட்ட நாளுக்கும் உள்ள இடைவெளியை அந்தப் பதிவிலிருந்து எடுக்கலாம். கூட்டாண்மைக்கும் தனியுரிமைத் தொழிலுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை.

முதலாளி கணக்கைக் காட்ட மறுத்தால்?

மறுப்பது அவர் உரிமை. ரூபாயில் கேட்காமல் விகிதத்தில் கேளுங்கள்: நூறு ஆர்டரில் எத்தனை திரும்புகின்றன, மொத்த விற்பனையில் ஆன்லைன் எத்தனை பங்கு. நிறுவனத்தின் பெயரையும் அடையாளம் தரக்கூடிய விவரங்களையும் நீக்கிவிடுவதாக எழுத்தில் உறுதி கொடுத்து, அறிக்கையைச் சமர்ப்பிக்கும் முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வாடிக்கையாளர் பெயர், கைப்பேசி எண் அடங்கிய கோப்புகளை அவரே விரும்பிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, அந்த வாடிக்கையாளர்கள் உங்கள் ஆய்வுக்கு ஒப்புதல் தரவில்லை.

எல்லாத் தொழிலுக்கும் மின்வணிகம் ஏற்றதென்று தொடங்கலாமா?

சிவகாசிக்குப் போய்வந்தால் அப்படித் தொடங்க மாட்டீர்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளை இணையத்தில் விற்கத் தடை விதித்தது. அதே ஊரில் நாட்காட்டி, நாட்குறிப்பு அச்சிடுவோர் வடிவத்தை மின்னஞ்சலில் பெற்று, ஒப்புதலை வாட்ஸ்அப்பில் வாங்குகிறார்கள். ஒரே ஊரில், ஒரே சமூகச் சூழலில் இரண்டு தொழில்களின் மேலாளர்களை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. யாராவது செய்ய முன்வந்தால் மகிழ்வேன்.

மின்வணிகத்தால் இலாபம் கூடியது என்று முடிவு எழுதலாமா?

மிகுந்த கவனத்தோடு. கணினிகள் எங்கும் பரவியும் உற்பத்தித்திறன் கணக்கில் அவற்றின் பயன் தெரியவில்லையே என்று 1987-இல் பொருளியலறிஞர் ராபர்ட் சோலோ எழுப்பிய ஐயம் இன்றும் பொருத்தமானது. நன்றாக நடக்கும் நிறுவனங்களே புதிய தொழில்நுட்பத்தில் பணம் போட முடிகிறது என்பதால், இரண்டும் சேர்ந்தே காணப்படுவது எது எதற்குக் காரணம் என்பதைச் சொல்லாது.

இன்னொரு குறையை நானே கவனிக்காமல் சில ஆண்டுகள் விட்டிருக்கிறேன். ஆன்லைனில் விற்பவர்களைத் தேடும்போது இன்றைக்கும் விற்றுக்கொண்டிருப்பவர்களே அகப்படுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் விற்றுப் பார்த்து, திரும்பிய சரக்கு அறை முழுவதும் குவிந்து, கணக்கை மூடிவிட்டுப் பழையபடி சந்தைக்குப் போனவர்கள் உங்கள் மாதிரியில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். அவர்களில் ஐந்து பேராவது இருந்தால்தான் வெற்றி பெற்றவர்கள் வேறுவிதமாக என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியும்.

செயற்கை நுண்ணறிவைச் சேர்க்க வேண்டுமா?

மேலாளர் பயன்படுத்தினால் சேருங்கள். பொருள் விளக்கம் எழுதவும், ஆங்கில மின்னஞ்சலைச் செப்பனிடவும், படத்தின் பின்னணியை மாற்றவும் பலர் பயன்படுத்துகிறார்கள். விலையையும் கடனையும் முடிவு செய்ய அதை நாடுகிறார்களா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள்?

நான் தேர்வாளராக அமரும்போது, புள்ளிவிவர அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, நீங்கள் சந்தித்த மேலாளர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொல்வேன்: காலையில் முதலில் எந்தத் திரையைத் திறக்கிறார், அதில் எந்த எண்ணைப் பார்க்கிறார், அந்த எண் குறைந்திருந்தால் யாருக்குப் போன் செய்கிறார்.